காப்பகத்துக்கு அனுப்பும் குழந்தைக்கு எப்படிப்பட்ட உடை பாதுகாப்பானது?

கேள்வி – இருகுழந்தைத்தாய், கோயம்புத்தூர்

வணக்கம். என் மகளுக்கு இப்போது ஒன்பது மாதம் நிறைந்திருக்கிறது. மகனுக்கு மூன்று வயது. 26 வார மகப்பேறு விடுப்பும், அதன்பின் சம்பளமில்லாமல் எடுத்த விடுப்பும் முடிந்து, அடுத்த மாதம் முதல் தேதி நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். இருவரையும் வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு காப்பகத்தில் சேர்த்திருக்கிறோம். காலை எட்டரை மணியிலிருந்து மாலை ஐந்தரை மணி வரை, அதாவது அவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி, என் கண்ணில் படாமல் அங்கேதான் கழியப் போகிறது.

சேர்க்கையின்போது ஒரு தாளைக் கொடுத்தார்கள். நாளொன்றுக்கு நான்கு மாற்றுடைகள் அனுப்ப வேண்டும் என்றும், நாடா வைத்த உடை, தொப்பி வைத்த உடை, நகை, ஊக்கு ஆகியவை கூடாது என்றும் அதில் இருக்கிறது. காரணம் எதுவும் எழுதப்படவில்லை. காரணம் தெரியாமல் ஒரு விதியைப் பின்பற்றினால், அந்தத் தாளில் இல்லாத ஒன்றைத் தவறவிட்டுவிடுவேனோ என்ற பயம் எனக்கு இருக்கிறது.

நேற்று இரவு மகளின் உடைகளை எல்லாம் கட்டிலில் பரப்பி வைத்துப் பார்த்தேன். முதுகில் நாடா கட்டும் ஜப்லாக்கள் ஆறு. முன்பக்கம் முத்தும் சமிக்கியும் தைத்த கவுன்கள் மூன்று. திருப்பூர் காதர்பேட்டையில் வாங்கிய ஏற்றுமதி மிச்ச உடைகள் ஏழெட்டு, அவற்றில் சிலவற்றில் ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை அச்சிட்ட மஞ்சள் அட்டை தொங்குகிறது. என் நாத்தனார் குழந்தைகள் போட்டு, மாமியார் பீரோவில் பல ஆண்டுகளாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த துணிகள் ஒரு மூட்டை. இவை தவிர, குழந்தையின் கழுத்தில் கறுப்புக் கயிறு, இடுப்பில் அரைஞாண் கயிறு, கையில் வசம்பு வளையல், காலில் மணி வைத்த கொலுசு. இவற்றைக் கழற்றுவது பற்றிப் பேச்செடுத்தாலே மாமியாரின் முகம் வாடிவிடுகிறது. அவர் மனத்தை நோகடிக்காமல் இதைச் செய்ய வேண்டும் என்பதும் என் கவலைகளில் ஒன்று.

காப்பகத்தில் தூங்கும் அறைக்கு ஏசி போடுகிறார்கள். குளிருமே என்று தொப்பி வைத்த கம்பளிச் சட்டை ஒன்றை வாங்கினேன்; அதையும் வேண்டாம் என்கிறார்கள். இவற்றில் எதைக் கொடுத்தனுப்பலாம், எதை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம், ஏன் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 – நொய்யல்கரை, கோயம்புத்தூர்

சகோதரிக்கு வணக்கம். நான் பதினோரு ஆண்டுகளாகக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறேன். முதலில் உதவியாளராக, இப்போது பொறுப்பாளராக. இப்போது இருக்கும் இடத்துக்கு முன்பு வேறொரு காப்பகத்தில் இருந்தபோது நடந்ததை முதலில் சொல்கிறேன். அதற்குப் பிறகு தாளில் உள்ள நாடா விதிக்கான காரணத்தை நான் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

அன்று ஒரு விழா நாள். இரண்டரை வயதுப் பையன் ஒருவன் கழுத்தில் நாடா வைத்த ஜிப்பா அணிந்து வந்திருந்தான். நாடாவின் நுனி பிரிந்துவிடாமல் இருக்க, இரண்டு முனைகளையும் சேர்த்துக் கடலைப் பருப்பளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டிருந்தார்கள். சறுக்குமரத்தின் உச்சியில், கைப்பிடிக் கம்பியும் தகடும் சேரும் இடத்தில், என் சுண்டுவிரல்கூட நுழையாத ஓர் இடைவெளி இருந்தது. அவன் உட்கார்ந்து சறுக்கத் தொடங்கிய நொடியில் அந்த முடிச்சு இடைவெளியில் விழுந்து சிக்கிக்கொண்டது. உடம்பு கீழே போகிறது, கழுத்து மேலே நிற்கிறது. குழந்தை கத்தவில்லை, கத்த முடியாது. நான் மூன்று அடி தூரத்தில் நின்றதால் பாய்ந்து தூக்கிவிட்டேன். பிடரியில் ஒரு வாரம் சிவப்புக் கோடு இருந்ததோடு அது போயிற்று. ஆனால் அந்த நேரத்தில் வேறொரு குழந்தையின் மூக்கைத் துடைக்க நான் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கும் காப்பகத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். வீட்டில் ஒரு குழந்தைக்கு இரண்டு மூன்று பெரியவர்களின் கண் இருக்கிறது. எங்களிடம் ஒருவர் பல குழந்தைகளைப் பார்க்கிறார். அதோடு, உங்கள் மகள் அணிந்திருக்கும் ஒரு பொருள் அவளுக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. பக்கத்தில் தவழ்கிற குழந்தை அதைப் பிடித்து இழுக்கும், பிய்க்கும், வாயில் போட்டுக்கொள்ளும். உங்கள் மகள் தன் கவுனில் உள்ள முத்தைத் தொடாத சமர்த்தாக இருக்கலாம். அது உதிர்ந்து தரையில் உருண்டால் எட்டு மாதக் குழந்தை ஒன்று அதை எடுத்து விழுங்கிவிடும். அதனால் நான் பெற்றோரிடம் சொல்வது ஒன்றுதான்: உடையைக் கையில் எடுத்து, இதில் சிக்கக்கூடியது எது, கழன்று விழக்கூடியது எது, குத்தக்கூடியது எது, குழந்தையைத் தடுக்கி விழச் செய்யக்கூடியது எது என்று பாருங்கள். தாளில் இல்லாத பொருளும் அப்போது உங்கள் கண்ணில் பட்டுவிடும்.

முதுகில் நாடா கட்டும் ஜப்லா, பிறந்து சில வாரங்களே ஆன, மடியை விட்டு இறங்காத குழந்தைக்குச் சரி. ஒன்பது மாதத்தில் உங்கள் மகள் தவழ்வாள், பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். கழுத்து நாடா அவிழ்ந்து நீளமாகத் தொங்கினால் தொட்டில் கம்பியிலும் நாற்காலியின் திருகிலும் மாட்டும். அவிழக்கூடாதென்று இறுக்கிக் கட்டினால், அவசரத்தில் எங்களால் அவிழ்க்க முடியாது. நாடாக்களை அடியோடு வெட்டிவிட்டு, அந்த இடத்தில் டிச் பட்டன் வைத்துத் தரும்படி தையற்காரரிடம் கொடுங்கள், ஜப்லா வீணாகாது.

மகனுக்கு மூன்று வயது என்கிறீர்கள். கழிப்பறைப் பழக்கம் படிந்துவரும் வயது அது. அவனுக்கு பெல்ட், கொக்கி, ஜிப் வைத்த ஜீன்ஸ் வேண்டாம். அவனே இறக்கி ஏற்றக்கூடிய எலாஸ்டிக் டிரவுசர் போதும். ஜிப்பில் தோல் மாட்டிக்கொண்ட ஒரு பையனை நான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். எலாஸ்டிக் இடுப்பில் தடம் பதிக்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்கக் கூடாது. காலணிகளில் கயிறு வேண்டாம், ஒட்டும் பட்டை இருக்கட்டும். எங்கள் தரை வழவழப்பான டைல்ஸ். வெறும் சாக்ஸோடு ஓடினால் வழுக்கும், ஆகவே உள்ளே வெறுங்காலோடு விடுவதையே நாங்கள் விரும்புகிறோம். பாவாடை, நீளக் கவுன் போன்றவை தவழும் குழந்தையின் முழங்காலுக்கு அடியில் சிக்கி, அது முகம் குப்புற விழக் காரணமாகின்றன. விழா நாளில் பட்டுப் பாவாடை கட்டிவிட ஆசை இருக்கும். புகைப்படம் எடுக்கும் அரை மணி நேரத்துக்கு மட்டும் கட்டிவிட்டுப் பிறகு மாற்றிவிடும்படி எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் மகிழ்ச்சியோடு செய்வோம். குத்துவிளக்கு ஏற்றும் இடத்துக்கு வலைத்துணிக் கவுனோடு குழந்தையை விட மாட்டோம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தத் துணியில் தீ பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, பெரும்பாலானோருக்குத் தெரியாதது. கைக்குழந்தைகளின் பனியன்களில் தோள்பட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து வரும் கழுத்தைக் கவனித்திருப்பீர்கள். அது அழகுக்காக வைத்ததன்று. டயப்பர் வழிந்து முதுகு வரை அழுக்காகிவிட்டால், சட்டையைத் தலை வழியாகக் கழற்றாமல், அந்த மடிப்பை விரித்துத் தோள் வழியாகக் கீழ்நோக்கி இறக்கிக் கால் வழியாக எடுத்துவிடலாம். முகத்திலும் தலைமுடியிலும் எதுவும் படாது. நாளில் இருபது தடவை உடை மாற்றும் எங்களுக்கு அந்தக் கழுத்து ஒரு வரம். நான்கு மாற்றுடைகளில் இரண்டேனும் அப்படி இருக்கட்டும்.

பதில் 2 – செக்கிங்டேபிள், திருப்பூர்

மேலே எழுதிய சகோதரியின் அனுபவத்தைப் படித்ததும் என் தொழில் சார்ந்த சிலவற்றைச் சேர்க்கலாம் என்று தோன்றியது. ஏற்றுமதி செய்யும் பனியன் கம்பெனிகளில் தரப் பரிசோதனைப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் குழந்தை உடைகளோடுதான்.

கழுத்திலும் தலைத்தொப்பியிலும் நாடா கூடாது என்பது அந்தக் காப்பகத்தினர் சொந்தமாக வகுத்த விதியன்று. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-இல் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அங்கே நடந்த மரணங்களிலும் கழுத்து நாடா மாட்டிய இடம் பெரும்பாலும் விளையாட்டுத் திடல் சறுக்குமரம்தான்; இடுப்பு நாடா பள்ளிப் பேருந்தின் கதவில் மாட்டியிருக்கிறது. 2011-இல் அது கட்டாய விதியாகவே மாறியது. இரண்டு வயதுக் குழந்தையின் அளவிலிருந்து, மேலே அணியும் சட்டைகளின் கழுத்திலும் தொப்பியிலும் இழுக்கும் நாடா இருந்தால் அந்தச் சரக்கை அங்கே விற்க முடியாது. இடுப்பு நாடா இருந்தால், உடையை முழுதாக விரித்த நிலையில் அது துளையிலிருந்து 3 அங்குலத்துக்கு மேல் வெளியே வரக் கூடாது, முனையில் முடிச்சோ மணியோ இருக்கக் கூடாது. ஐரோப்பாவின் இ.என். 14682 என்ற தரவிதி, ஏழு வயதுக்குட்பட்டவர்களின் உடையில் கழுத்து, தொப்பிப் பகுதிகளில் நாடாவை அறவே அனுமதிப்பதில்லை. திருப்பூரில் தைத்து அனுப்பும் நாங்கள் இதை நாள்தோறும் அளந்து பார்க்கிறோம். ஆனால் இதே ஊரின் உள்ளூர்க் கடையில் தொங்கும் குழந்தைச் சட்டையில் அரை முழ நாடாவும் அதன் நுனியில் குஞ்சமும் இருப்பதைப் பார்க்கும்போது என் மனம் மிகவும் சங்கடப்படுகிறது. வெளிநாட்டுக் குழந்தையின் கழுத்துக்கு உள்ள மதிப்பு நம் குழந்தையின் கழுத்துக்கும் உண்டு அல்லவா.

பொத்தான்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டோரின் உடையில் வைக்கும் பொத்தானையும் டிச் பட்டனையும் நாங்கள் இழுவிசைச் சோதனைக்கு உட்படுத்துவோம். கருவியில் பொத்தானை ஒரு பிடியிலும் துணியை மறு பிடியிலும் மாட்டி, 90 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ ஒன்பது கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு ஈடான இழுப்பு கொடுத்து, பத்து வினாடி நிறுத்துவோம். கழன்றால் அந்தச் சரக்கு நகராது. வீட்டில் அந்தக் கருவி இல்லாவிட்டாலும் கண்ணும் விரலும் இருக்கின்றன. டிச் பட்டன் பெரும்பாலும் தானாகக் கழல்வதில்லை; அது பிடித்திருக்கும் துணிதான் கிழிகிறது. மெல்லிய பனியன் துணியில் ஒற்றை அடுக்கில் அடித்திருந்தால் சில சலவையிலேயே துளை அகன்று, பட்டன் வட்டத் துணியோடு கையில் வந்துவிடும். ஆகவே சட்டையை உட்புறம் திருப்பி, பட்டனுக்குப் பின்னால் துணி இரட்டையாக மடிந்திருக்கிறதா, அல்லது ஒரு பட்டை வைத்துத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பட்டனைப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். துணியில் அது தனியாகச் சுழன்றால், அல்லது விளிம்புக்குக் கீழே நகம் நுழைந்தால், அல்லது பல்போன்ற கூர்முனை வெளியே தெரிந்தால், அந்த உடையை ஒதுக்கிவிடுங்கள். தைத்த பொத்தானாக இருந்தால், கடையில் வாங்கியவுடன் கெட்டி நூலால் இன்னொரு முறை குறுக்காகத் தைத்து, நூலை உட்புறம் முடிச்சிட்டு விடுங்கள்.

முத்து, சமிக்கி, ஒட்டிய கல் இவை எல்லாம் எங்கள் கணக்கில் ஒரே வகை. சின்னப் பொருள் எது என்பதை அளக்க ஓர் உருளை வைத்திருக்கிறோம். அதன் வாய் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கொள்ள வேண்டும். நம் பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். அதுவே அந்த உருளைக்குள் எளிதாக விழுந்துவிடும் என்றால், கவுனில் தைத்த முத்து எம்மாத்திரம். அந்த மூன்று கவுன்களையும் குழந்தை உங்கள் மடியில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சகோதரி.

மஞ்சள் அட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். அது அமெரிக்கச் சந்தைக்காகத் தைத்த இரவு உடையாக இருக்கும். அங்கே ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் இரவு உடை, தீயைத் தாங்கும் துணியில் இருக்க வேண்டும், அல்லது உடலோடு ஒட்டிய அளவில் இருக்க வேண்டும். தளர்ந்த துணிக்குள் காற்று இருப்பதால் தீ விரைவாகப் பரவும். உடலோடு ஒட்டிய துணியில் அப்படிப் பரவுவதில்லை. பருத்தித் துணியில் எந்த வேதிப்பொருளும் சேர்க்காமல் இறுக்கமாகத் தைத்தவற்றில், "இந்த உடை தீத்தடுப்பு உடையதன்று, உடலோடு ஒட்டியே அணிய வேண்டும்" என்ற பொருளில் அந்த மஞ்சள் அட்டையைத் தொங்கவிடுவோம். அட்டையைப் பார்த்து அஞ்ச வேண்டாம், அது நல்ல பருத்தித் துணிதான். ஆனால் "வளர்கிற குழந்தைதானே" என்று ஓர் அளவு பெரிதாக வாங்கினீர்கள் என்றால், அந்த உடையின் பாதுகாப்பே போய்விடுகிறது. அளவு பெரிதான உடையால் காப்பகத்தில் வேறு தொல்லையும் உண்டு: பேன்ட் நுனி காலுக்கடியில் போகும், அகன்ற கழுத்து தூக்கத்தில் மேலேறி வாயருகே வரும்.

கடைசியாக ஊசி. எங்கள் தையல் வரிசையில் ஓர் ஊசி முறிந்தால், உடைந்த துண்டுகள் அனைத்தையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மேசையில் உள்ள அத்தனை உடையையும் சோதிப்போம். மடித்துப் பெட்டியில் போடுவதற்கு முன் உலோகம் கண்டறியும் கருவி வழியாக ஒவ்வோர் உடையும் போகும். மிச்ச உடைகளில் எது இந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தது, எது அதற்கு முன்பே கழித்துக் கட்டப்பட்டது என்பது கடையில் தெரியாது. ஆகவே அணிவிப்பதற்கு முன் தையல்களின் மேல், குறிப்பாகத் தடித்த தையல்கள் கூடும் இடங்களில், விரலால் அழுத்தி ஓட்டிப் பார்த்துவிட்டுத் துவைத்துப் போடுங்கள்.

பதில் 3 – குழந்தைநலச்செவிலி, மதுரை

குழந்தைகள் பிரிவில் பணிபுரியும் செவிலியர் நான். உடையால் வரும் தீங்குகளில் வீட்டார் எதிர்பாராத மூன்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலாவது, சாக்ஸுக்குள் இருக்கும் நூல். ஐந்து மாதக் குழந்தை ஒன்றை, காரணம் தெரியாமல் நான்கு மணி நேரமாக அழுகிறது என்று தூக்கி வந்தார்கள். காது பார்த்தோம், வயிறு பார்த்தோம். சாக்ஸைக் கழற்றியபோதுதான் இடது காலின் மூன்றாம் விரல் கருஞ்சிவப்பாக வீங்கி, அடியில் ஒரு பள்ளம் தெரிந்தது. பள்ளத்துக்குள் ஓர் இழை நூல். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத்தான் அதை வெட்டி எடுத்தார் மருத்துவர். தாயின் உதிர்ந்த தலைமுடியும் இதே போலச் சுற்றிக்கொள்ளும். குழந்தை பெற்ற சில மாதங்களில் முடி அதிகமாகக் கொட்டும் காலமும் இதுவேதான். சாக்ஸ், கையுறை, கால் மூடிய உடை எதுவாக இருந்தாலும் உட்புறம் திருப்பி, தொங்கும் நூல்களை வெட்டிவிட்டு அணிவியுங்கள். பூவேலை செய்த உடைகளின் உட்பக்கம் நூல் வலை போல இருக்கும், அதையும் பாருங்கள். குழந்தை காரணமின்றி அழுதால் முதலில் விரல்களைப் பார்க்கும்படி காப்பகத்தாரிடமும் சொல்லிவையுங்கள்.

இரண்டாவது, பீரோவில் பத்திரப்படுத்திய துணி மூட்டை. அதில் அந்துருண்டை போட்டிருந்தார்களா என்று தயவுசெய்து கேளுங்கள். நாப்தலின் வாசம் ஏறிய துணியை நன்கு வெளுக்காமல் பச்சிளங்குழந்தைக்குப் போடுவது ஆபத்தானது. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த வாசத்தை நுகர்வதாலும் தோல் வழியாக உள்ளே போவதாலும் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, கடுமையான மஞ்சள் காமாலையும் இரத்தசோகையும் வரும். குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் அப்போதுதான் வீட்டாருக்கே தெரியவரும். அந்தத் துணிகளைப் பல முறை துவைத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, வாசம் முற்றிலும் போன பிறகே பயன்படுத்துங்கள். வாசம் போகவில்லை என்றால் பயன்படுத்தவே வேண்டாம்.

மூன்றாவது, ஏசி அறையும் கம்பளியும். நம் பெரியவர்களுக்குக் குழந்தை குளிரில் விறைத்துவிடும் என்ற பயம் அதிகம். நான் பார்ப்பதோ வேர்க்குருவும் அதிகப்படியான சூடும்தான். அதே அறையில் நீங்கள் எத்தனை அடுக்கு உடையில் சௌகரியமாக இருப்பீர்களோ, அதைவிட ஓர் அடுக்கு அதிகம் போதும். கையும் காலும் சில்லென்றிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியிலோ மார்பிலோ கை வைத்துப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும். குழந்தைகள் உடல் வெப்பத்தைத் தலை வழியாக நன்றாக வெளியேற்றுவார்கள் என்பதால், கூரைக்குக் கீழே தூங்கும் குழந்தைக்குத் தொப்பி கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே அறிவுறுத்துகிறது. தொப்பி நழுவி மூக்கை மூடும் அபாயமும் உண்டு. முழுக்கைப் பருத்திச் சட்டையும் முழுக்கால் பேன்ட்டும் தூங்கும் நேரத்துக்குப் போதுமானவை. தூங்குவதற்கு முன் எச்சில் துணியைக் கழுத்திலிருந்து எடுத்துவிடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனுக்கு நடக்கும்போது விளக்கு எரியும் காலணி இருந்தால், அதையும் அனுப்ப வேண்டாம். உள்ளே பொத்தான் பேட்டரி இருக்கும். தையல் விட்டு அது வெளியே வந்து ஒரு குழந்தை விழுங்கினால், உணவுக்குழாயில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான புண்ணாகிவிடும்.

பதில் 4 – பேரன்பேத்திஎடுத்தவள், தஞ்சாவூர்

மகளே, உன் மாமியாரின் வயதில் இருப்பவள் நான். அந்துருண்டை பற்றிச் செவிலியர் எழுதியதைப் படித்தவுடன் என் பீரோவைத் திறந்து, பேத்திக்கென்று வைத்திருந்த துணிகளை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டேன். இத்தனை காலம் இது எனக்குத் தெரியாது.

கறுப்புக் கயிறு, வசம்பு வளையல் பற்றி நான் சொல்கிறேன். உன் மாமியார் வீம்புக்காக அவற்றைக் கட்டவில்லை; குழந்தைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்ற நடுக்கத்தில்தான் கட்டியிருக்கிறார். உனக்கும் அதே நடுக்கம்தான். ஆகவே "கயிறு மூடநம்பிக்கை" என்று தொடங்காதே. கழுத்துக் கயிறு எதில் மாட்டும், எப்படி இறுக்கும் என்பதை மேலே சறுக்குமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்களே, அதைப் படித்துக் காட்டு. எங்கள் வீட்டில் என் மருமகள் எனக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் வெளியிட்ட எச்சரிக்கையைப் படித்துக் காட்டினாள். பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கழுத்தில் போடும் மணிமாலையைப் பற்றியது அது. பதினெட்டு மாதக் குழந்தை ஒன்று பகல் தூக்கத்தில் அந்த மாலை இறுக்கியே இறந்திருக்கிறது. அதைக் கேட்டபின் நானே என் பேத்தியின் கழுத்துக் கயிற்றைக் கத்தரித்தேன்.

திருஷ்டிக்குக் கயிறு ஒன்றுதானா வழி? வசம்பைச் சுட்டுக் குழைத்து உள்ளங்காலில் ஒரு பொட்டு வைப்பது நம் வழக்கத்தில் உள்ளதே. அது யார் கழுத்தையும் இறுக்காது. வசம்பு மணிகளைக் கோத்த வளையலை, காப்பகம் போகும் நாளில் கழற்றி சுவாமி படத்தின் முன் வைத்துவிட்டு, மாலையில் வந்து குழந்தை உன் மடியில் இருக்கும்போது போட்டுக்கொள்ளலாம். நூல் நைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். கொலுசின் மணிகள் கழலக்கூடியவை. கொலுசின் கொக்கி பின்னல் துணியில் மாட்டும். அதுவும் வீட்டுக்குத்தான். காது குத்தும்போது, தோட்டின் திருகாணியும் கழன்று விழக்கூடியது என்பதை நினைவில் வை.

அரைஞாண் கயிற்றை மட்டும் நான் விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் தாயத்தோ மணியோ கோத்திருந்தால் எடுத்துவிடு. இரண்டு விரல் தாராளமாக நுழையும்படி இருக்க வேண்டும், உடைக்கு வெளியே தொங்கக் கூடாது. பிள்ளை வளர வளர வயிறு பெருக்கும். மாதம் ஒரு தடவை பார்த்துத் தளர்த்திக் கட்டு. காப்பகத்தார் அதையும் வேண்டாம் என்றால், அவர்கள் சொல்வதையே கேள். பகல் முழுதும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் அவர்கள்.

கேள்வி கேட்டவர் – இருகுழந்தைத்தாய், கோயம்புத்தூர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மா, நீங்கள் எழுதியதை அப்படியே மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். உடனே அவர் எதுவும் பேசவில்லை. இரவு குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது கழுத்துக் கயிற்றை அவரே அவிழ்த்து, பூஜை அறையில் மாட்டிவிட்டார். பீரோ மூட்டையில் அந்துருண்டை இருந்தது உண்மைதான். துணிகள் இப்போது மாடியில் வெயிலில் கிடக்கின்றன. மிச்ச உடைகளை உட்புறம் திருப்பிப் பார்த்ததில், ஒரு பேன்ட்டின் கால் மடிப்பில் டிச் பட்டன் தனியாகச் சுழன்றது. லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அந்தப் பேன்ட்டை நான்கு முறை அவளுக்குப் போட்டிருக்கிறேன்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். உடைகளில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டும் என்கிறார்கள். என் சிறுவயதில் கைக்குட்டையையும் பெயர்ச் சீட்டையும் ஊக்கால் சட்டையில் குத்தி அனுப்புவார்கள். ஊக்கு கூடாது என்றால், அடையாள அட்டையைப் பட்டையில் கோத்துக் கழுத்தில் மாட்டலாமா?

பதில் – நொய்யல்கரை, கோயம்புத்தூர்

கழுத்தில் மாட்டும் பட்டையும் நாடாதான், சகோதரி. அது வேண்டவே வேண்டாம். துவைத்தாலும் அழியாத மையுள்ள பேனாவால் சலவைக் குறிப்புத் துண்டின்மேல் பெயரை எழுதிவிடுங்கள். அந்தத் துண்டு கழுத்தில் இருந்தால் குழந்தைக்கு உறுத்தும், நூல் பிரியாமல் அதைக் கத்தரித்துவிட்டு, ஒரு விரல் அகலப் பருத்தி நாடாத் துண்டில் பெயரெழுதி, பக்கவாட்டுத் தையலின் உட்புறத்தில் நான்கு பக்கமும் மடித்துத் தைத்துவிடுங்கள். பெயர் வெளிப்பக்கம் தெரிய வேண்டாம். தெருவில் யாரும் படித்துவிட்டுக் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நாங்கள் விரும்புவதில்லை. கைக்குட்டை பையிலேயே இருக்கட்டும்.

முதல் நாள் வரும்போது நான்கு மாற்றுடைகளோடு ஐந்தாவதாக ஒன்றையும் வைத்து அனுப்புங்கள். புது இடத்தில் முதல் வாரம் குழந்தைகள் அழுது அழுது பாலைக் கக்கிவிடுவார்கள். முன்பு சொன்ன அந்த மடிப்புக் கழுத்துச் சட்டை பையில் மேலாக இருந்தால், தேடாமல் உடனே எடுத்து மாற்றிவிடுவார்கள்.